பதினொரு தடிகள்

அந்தக் கோடையில் நான் மொத்தம் பதினொரு தடிகள் சேர்த்தேன். எல்லாமே உடைந்த தடிகள். தக்காளிக் கன்றுகளுக்கு ஊன்றத்தான் சேர்த்தேன் என்று இன்றைக்கும் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் யாரும் கேட்டதில்லை. சொல்லவேண்டிய ஒரே ஒருவனிடம் நானாகப் போய்ச் சொன்னேன். அதையும் முழுதாகச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஸ்காபுரோவில், மல்வேர்ன் பக்கம், வரிசை வீடுகளில் ஒன்றான ஒரு ரவுண்ஹவுஸில் வாடகைக்கு இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், பன்னிரண்டு வயது மகள், கீழே பேஸ்மென்றில் என் தம்பி. யாழ்ப்பாணத்தில் என் ஊரும் அவருடைய ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், நடுவில் ஒரு தார் றோட்டுத்தான். றோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்து அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் நான். இரண்டு ஊருக்கும் கோயிலில் போட்டி, பள்ளிக்கூடத்தில் போட்டி, சுடலைக்கு மதில் கட்டுவதிலும் போட்டி. எல்லாவற்றையும்விடப் பெரிய போட்டி கரப்பந்தில். ஷெல் விழுந்து, ஊர்கள் காலியாகி, சனம் உலகமெல்லாம் சிதறிய பிறகு அந்தப் போட்டி செத்திருக்க வேண்டும். சாகவில்லை. எங்களுக்கு முன்னரே விமானமேறி ஸ்காபுரோவுக்கு வந்து காத்திருந்தது.

ஊர்ச் சங்கங்களின் அணிகள் ஆறு. மே மாத நீண்ட வார இறுதியில் தொடங்கினால் செப்டெம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். என் வீட்டுக்காரர் இளமையில் நல்ல ஆட்டக்காரர். முழங்கால் போன பிறகு தன் ஊர் அணிக்கு மனேச்சர். வலை, கம்பம், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அவருடைய வான் வண்டியில்தான் போகும். தம்பி என் ஊர் அணிக்கு அடிக்கிறவன். ஆறடிக்கு மேல் உயரம். அவன் எழும்பி அடித்தால் எதிரே நிற்கிறவன் பந்தை விட்டுவிட்டு முகத்தைக் காப்பாற்றப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே சட்டிப் புட்டைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் இரண்டு கட்சியாகப் புறப்படுவார்கள். முதலில் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

"வீட்டுக்குள்ள பந்துக் கதை வேண்டாம். கதைச்சியள் எண்டால் ரெண்டு பேருக்கும் சோறில்லை" என்று சட்டம் போட்டேன்.

"ஓமக்கா" என்றான் தம்பி.

"பாப்பம்" என்றார் அவர்.

நாங்கள் போகும் பூங்காவில் ஒரு புல் சரிவு உண்டு. சரிவுக்கு இந்தப் பக்கம் எங்கள் வலை. அந்தப் பக்கம் பெரிய மைதானம். அங்கே அயர்லாந்துக்காரர் விளையாடுவார்கள். முதல் ஞாயிறு நான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, அங்க அடிபடுறாங்கள், பொலிசுக்குப் போன் அடியுங்கோ!" என்று கத்தினேன். அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் பெண்கள் என்னைப் பகிடி பண்ணினார்கள். பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஒவ்வொருவர் கையிலும் இடுப்பளவுத் தடி, நுனி அகப்பை மாதிரித் தட்டையாக விரிந்திருக்கும். தோலால் தைத்த ஒரு சின்னப் பந்து. அதை நிலத்திலும் அடிப்பார்கள், ஆகாயத்திலும் அடிப்பார்கள், தடியில் ஏந்திக்கொண்டே ஓடுவார்கள். பாதிப் பேர் தலைக்கு ஒன்றும் போடுவதில்லை. ஹேர்லிங் என்று அதற்குப் பெயர்.

பெயரைச் சொன்னது சரிவில் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த ஓர் அயர்லாந்து அம்மா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பச்சைச் சட்டைக்காரர் ஒரு கவுண்டி, மஞ்சள் சட்டைக்காரர் இன்னொரு கவுண்டி. கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி. அதே இரண்டு கவுண்டிகளும் அதே கோடையில் அவர்களுடைய நாட்டிலும் சம்பியன்ஷிப்புக்கு மோதிக்கொண்டிருந்தன. அங்கே நடந்ததைப் போனில் கேட்டுவிட்டு வந்து இங்கே மிச்சத்தைத் தீர்ப்பார்கள். தான் மஞ்சளில் பிறந்து பச்சையில் கலியாணம் செய்தவள் என்று அவர் சொன்னபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டமுள்ள ஞாயிறு புருஷனோடு பேச்சில்லையாம். திங்கள் காலை தேத்தண்ணிக்குத்தான் வாய் திறப்பார்களாம்.

அவர்கள் ஆட்டம் முடிகிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. புருவத்தில் இரத்தம் வழிகிற ஒருவன், தன்னை அடித்தவனோடேயே நின்று கூல்பெட்டியைத் திறந்து குடிப்பான். தடியோடு மோதுகிற இவர்களுக்கே இப்படி முடிகிறதென்றால், வெறும் பந்து தட்டுகிற எங்களுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு மடைச்சியாக இருந்திருக்கிறேன்.

தடி முறிகிற சத்தம் எங்கள் பக்கத்துக்கும் கேட்கும். முறிந்ததை வெளியே வீசிவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். நல்ல இறுகின மரம், பிடிக்குத் துணி சுற்றி, வழவழவென்று. விறகுக்கும் வேலிக்கட்டைக்கும் அலைந்து வளர்ந்த எங்களுக்கு இப்படி ஒன்று நிலத்தில் கிடந்தால் கை சும்மா இராது. வீட்டுக்குப் பின்னால் கையளவு நிலத்தில் தக்காளி போட்டிருந்தேன், கன்றுகள் சரியத் தொடங்கியிருந்தன. எடுக்கட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்து, தானே எழும்பிப் போய் இரண்டைக் கொண்டுவந்து தந்தார். நான் அவற்றை வானின் பின்பக்கத்தில், வலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உந்தக் குப்பையெல்லாம் ஏன் ஏத்திறீர்? பாக்கிற சனம் என்ன நினைக்கும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தக்காளிக்கு. கடையில வாங்கித் தாறியளோ?"

"சரி சரி, போடும்."

முதல் சந்திப்பில் என் ஊர் வென்றது. தம்பி வீட்டில் வாயே திறக்கவில்லை. அவர் இரண்டு நாள் சோற்றைப் பிசைந்து பிசைந்து எழும்பினார். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ கேம்" என்றாள் மகள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில் பிள்ளை மேலே தன் அறைக்குப் போய்விட்டாள். அவளை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

யூலையில் மகள் பெரியபிள்ளையானாள். செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமைக்கு மண்டபம் எடுத்தோம். எங்கள் வழக்கத்தில் சாமத்தியச் சடங்கு தாய்மாமன் இல்லாமல் நடக்காது. அவன்தான் தேங்காய் உடைத்து, பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து, செம்பால் தண்ணீர் வார்க்க வேண்டும். எனக்கு இருந்தது ஒரே தம்பி. கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் விசாவுக்குக் காத்திருந்த அம்மா, மகன் பேத்திக்குத் தண்ணீர் வார்க்கிற வீடியோக் கொப்பிக்காக அப்போதே போனில் நாள் எண்ணத் தொடங்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறே இரண்டு ஊரும் மறுபடி சந்தித்தன. இந்த முறை அவருடைய ஊர் வென்றது. அதோடு விட்டிருக்கலாம். வலையைக் கழற்றும்போது அவர் அணிப் பெடியன் ஒருவன் தம்பியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "பொம்பிளை தந்த ஊர்க்காரர் எங்களுக்கு முன்னால குனிஞ்சுதான் நிக்கவேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் சரிவில் கையில் இரண்டு உடைந்த தடிகளோடு நின்றேன். தம்பி அந்தப் பெடியனைப் பார்க்கவேயில்லை. அத்தானைத்தான் பார்த்தான்.

அந்தக் கிழமையே தம்பி சென் ஜேம்ஸ் ரவுணில் கூட்டாளிகள் இருந்த அபார்ட்மென்றுக்கு மாறிவிட்டான். வேலைக்குக் கிட்ட என்று காரணம் சொன்னான்.

ஓகஸ்ட் மாதம் முழுக்க இப்படித்தான் போனது. போன் அடிக்கும், எடுத்தால் மறுபக்கத்தில் மூச்சுச் சத்தம் மட்டும். நான் பாண் பேக்கரி வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி வரும்போது எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒரு கார் நிற்கும். உள்ளே நாலு பெடியங்கள். எந்த ஊர்ப் பெடியங்கள், யாரைப் பார்க்க நிற்கிறார்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு நாள் காலை வானின் இரண்டு சில்லிலும் காற்றில்லை. அந்த வருடம் எங்கள் பெடியங்களுக்குள் நடந்த வெட்டுக்கொத்து பேப்பர்களில் வந்துகொண்டிருந்தது. பேப்பரை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

இறுதி ஆட்டத்துக்கு எங்கள் இரண்டு ஊரும்தான் வந்து நின்றன. தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, நீ வராத. சுகமில்லை எண்டு சொல்லு."

"நான் வராட்டி பயந்திட்டன் எண்டுவினம் அக்கா."

"எண்டால் எண்டட்டும். ரெண்டு கிழமையில பிள்ளைக்கு நீ தண்ணி வாக்க வேணும்."

"அது வேற, இது வேற. பிள்ளைக்கு நான்தான் வாப்பன். நீ யோசியாத."

இதே கெஞ்சலை என் வீட்டுக்காரரிடமும் கெஞ்சிப் பார்த்தேன். ரீவியில் இருந்து கண்ணை எடுக்காமல், "உம்மட தம்பியை அடக்கமா விளையாடச் சொல்லும்" என்றார். போன கிழமைகளில் ஏற்றிய இரண்டு தடிகள் வானிலேயே கிடந்தன. இறக்கித் தாருங்கோ என்று கேட்கக்கூட எனக்கு மனமில்லை.

இறுதி நாள் வானம் மூடிக் கிடந்தது. அன்றைக்கு அயர்லாந்துக்காரருக்கும் இறுதி ஆட்டம். எங்களுடையதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே அவர்களுடையது தொடங்கிவிட்டது. அந்த அம்மா ஒரு தோளில் பச்சை, மறு தோளில் மஞ்சள் துணி போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் அவரோடு சிரிக்க முயன்றேன். மூன்று தடிகள் முறிந்தன. தோட்டத்தில் ஏற்கெனவே ஆறு ஊன்றியாகிவிட்டது, இனித் தேவையும் இல்லை. இருந்தும் அடுத்த வருடத்துக்கு ஆகும் என்று நினைத்து மூன்றையும் பொறுக்கினேன். வானின் பின்கதவைத் திறந்து, பழைய இரண்டுக்கும் மேலே, கைக்கு எட்ட வசதியாக, நானே அடுக்கினேன். தண்ணீர்ப் போத்தல் எடுக்க வருவார்களே என்று கதவைத் திறந்தபடியே விட்டேன்.

கடைசிப் புள்ளி தம்பியின் அடி. பந்து கோட்டில் பட்டது என்றார்கள் என் ஊர்க்காரர். வெளியே என்றார்கள் மற்றவர்கள். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார், ஊதவில்லை. அதற்குள் ஒருவன் மற்றவன் நெஞ்சில் கை வைத்துவிட்டான். வலை அறுந்து விழுந்தது. ஓகஸ்ட் முழுக்க எங்கள் தெருவில் நின்ற கார் எப்படி அங்கே வந்தது என்று நான் பார்க்கவில்லை. நாலு கதவும் திறந்து கிடந்ததைத்தான் கண்டேன்.

"வானுக்க தடி கிடக்கு!" என்று எவனோ கத்தினான்.

ஓடாதேயுங்கோ என்று கத்தினேனா, கத்தவேண்டும் என்று நினைத்தேனா, தெரியாது. நாலு பேர் ஓடினார்கள். ஐந்தாவதாக, முழங்காலை இழுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் ஓடினார். தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கீழே விழுந்த ஒருவனை மிதிபடாமல் இழுத்தெடுக்கக் கையை நீட்டியிருந்தான். துணி சுற்றிய பிடியை இரண்டு கையாலும் பிடித்து அவர் ஓங்கியதை நான் கண்டேன். சத்தத்தையும் கேட்டேன். அந்தக் கோடை முழுக்கக் கேட்டுப் பழகிய சத்தம்தான், ஆனால் இந்த முறை முறிந்தது தடியில்லை.

சரிவுக்கு அப்பாலிருந்து அயர்லாந்துக்காரர் ஓடி வந்தார்கள், பச்சையும் மஞ்சளும் கலந்து. தங்கள் தடிகளை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். எங்கள் ஆட்களைப் பிடித்து இழுத்து வேறு வேறாக்கினார்கள். பொலிஸ் வந்தபோது எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. யார் தொடங்கினார்கள் என்றும் தெரியாது, யார் அடித்தார்கள் என்றும் தெரியாது. அந்த அம்மா புல்லில் கிடந்த ஒரு துண்டை எடுத்துப் பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு நிமிர முடியவில்லை.

தம்பிக்கு வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. விரல் நுனியில் இருந்து முழங்கைவரை பிளாஸ்ரர் போட்டார்கள். அவனைப் பார்க்கப் போன என் ஊர்க்காரர் ஒருவரிடம் அவன் சொல்லியனுப்பினான்: அத்தான் முன்கூட்டியே திட்டம் போட்டு வானுக்குள் தடி கொண்டுவந்தவர், இனி அந்த வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன், பிள்ளைக்கு வேறு மாமனைப் பாருங்கோ.

அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டு இருந்தார்.

"ஆர் அடிச்சதெண்டு அந்த நெரிசலில ஒருத்தருக்கும் தெரியேல்லை. சரியான சனம்" என்றார்.

"ஓம்" என்றேன். அவர் கையைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன்.

சடங்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு பை தக்காளியோடு பஸ்ஸும் சப்வேயுமாக சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போனேன். பதினேழாம் மாடி. தம்பி மெத்தையில் சாய்ந்திருந்தான். கூட்டாளிகள் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவைச் சாத்திய கையோடு அழுதழுது எல்லாவற்றையும் கொட்டினேன். தடிகள் அத்தானுடையவை இல்லை, என்னுடையவை. தக்காளிக்கு என்று நான்தான் பொறுக்கினேன். நான்தான் அடுக்கினேன். கதவைத் திறந்து விட்டதும் நான்தான். அவர் திட்டம் போட்டு ஒன்றும் கொண்டுவரவில்லை.

அவன் இடது கையால் பையைத் திறந்து பார்த்தான்.

"நல்லாக் காய்ச்சிருக்கோ?" என்று கேட்டான்.

"ஓம். சரியான காய்."

"வாறன் அக்கா. நான்தான் வாப்பன் எண்டு சொன்னனான்தானே."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன். சப்பாத்தைப் போடக் குனிந்தபோது அவன் என் முதுகுக்குப் பின்னால் இருந்து கேட்டான்.

"எனக்கு அடிச்சது ஆரெண்டு நீ கண்டனியோ?"

"இல்லைத் தம்பி" என்றேன். சப்பாத்தின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன். "சரியான சனம்."

சனிக்கிழமை அவன் வந்தான். வேட்டி உடுத்து, பிளாஸ்ரர் கையைத் துண்டில் தொங்கவிட்டு. மண்டபத்தில் இருந்த இரண்டு ஊர்ச் சனமும் திரும்பிப் பார்த்தது. வலது கையால் செய்யவேண்டியதை அவன் இடது கையால் செய்தான். குசுகுசுத்தவர்களை நான் முறைத்துப் பார்த்தேன். பாலறுகு வைத்தான். தேங்காய் இரண்டாம் அடியில் உடைந்தது. பிறகு நிறைகுடத்தில் இருந்து செம்பால் தண்ணீர் முகந்து தூக்கினான். இடது கைக்குப் பழக்கமில்லாத பாரம். செம்பு ஆடியது. பிள்ளை கண்ணை இறுக்கிக்கொண்டு பலகையில் குந்தியிருந்தாள்.

"அத்தான், கொஞ்சம் பிடியுங்கோ" என்றான் தம்பி.

என் வீட்டுக்காரர் அசையவில்லை. வீடியோக்காரர் விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து, "பிடியுங்கோ அண்ணை, நல்லா வரும்" என்றார். என் வீட்டுக்காரர் முன்னால் வந்து, தம்பியின் கைக்குக் கீழே தன் வலது கையைக் கொடுத்துத் தாங்கினார். தண்ணீர் பிள்ளையின் தலையில் விழுந்தது. எல்லாரும் சந்தோசத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். எனக்கு மட்டும் அந்தக் கையை விட்டு வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

வீடியோக் கொப்பி கொழும்புக்குப் போய், அம்மாவின் கடிதம் டிசெம்பரில் வந்தது. லொட்ஜில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டு வைத்துப் போட்டுப் பார்த்தாராம். மகன் வேலையிடத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டான் என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தோம். நாலு பக்கக் கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்க மருமகனைப் பற்றி. ‘என் பிள்ளையின் முறிந்த கைக்குத் தன் கையைக் கொடுத்துத் தாங்கிய மனிசன், அந்தக் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிறேன், இதை அவருக்குச் சொல்லு’ என்று எழுதியிருந்தார்.

அம்மா சொல்லச் சொன்னதால் என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அதனால் மட்டும்தான் வாசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு எழும்பி, கோட்டும் போடாமல், கையுறையும் இல்லாமல் பின்கதவைத் திறந்து வெளியே போனார். தக்காளிக் கன்றுகள் கருகி விழுந்து கனநாள். ஆறு தடிகள் மட்டும் பனிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்றன. அவர் முதலாவதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஆட்டி ஆட்டி இழுத்தார். அடுத்ததற்குப் போனார். நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலில் நின்றேன். நிலம் உறைந்து இறுகிவிட்டிருந்தது. ஒன்றும் வரவில்லை.